வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள் கேட்கிற கேள்விகள்

என் அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இரைப்பையில் புற்றுநோய், கண்டுபிடித்தபோதே கல்லீரலுக்குப் போய்விட்டது. கடைசி ஐந்து மாதம் அவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டோம். அதற்கப்புறம், இப்படி வீட்டோடு இருக்கும் நோயாளிகளைப் பார்க்கப் போகிற ஒரு குழுவோடு ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் போய்வருகிறேன். நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. போகிற வீடுகளில் கூடத்தில் கேட்காமல், எங்களை வழியனுப்ப வாசல்வரை வந்து மெதுவாகக் கேட்பார்களே, அந்தக் கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். மருந்தின் அளவை மட்டும் என்னைக் கேட்டோ பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டோ மாற்றாதீர்கள்.

"இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். அப்படியென்றால் என்ன அர்த்தம்?

நோயைக் குணப்படுத்த இனி வழியில்லை என்று அர்த்தம். அந்த டாக்டர் அதோடு நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான். வலி, வாந்தி, மூச்சுத்திணறல், மலச்சிக்கல், தூக்கமின்மை, பயம் எல்லாவற்றுக்கும் வைத்தியம் இருக்கிறது. இதற்கென்றே மருத்துவத்தில் ஒரு துறை உண்டு. பாலியேட்டிவ் கேர் என்பார்கள். நம் அரசு ஆவணங்களில் வலி நிவாரணம் மற்றும் ஆதரவு சிகிச்சை என்று வரும். லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் என்ற டாக்டர் 1967-இல் தொடங்கிய புனித கிறிஸ்டோஃபர் இல்லத்திலிருந்து இந்தத் துறை வளர்ந்தது. அவர் முதலில் நர்ஸ், பிறகு சமூகப் பணியாளர், அதற்கப்புறம்தான் டாக்டருக்குப் படித்தார். வலி உடம்பில் மட்டும் இல்லை. பணக்கவலையும் மனக்கவலையும் சேர்ந்துதான் வலிக்கிறது என்று சொன்னவர். கடன்காரன் வாசலில் நிற்கிற வீட்டில் மாத்திரை சரியாக வேலை செய்யாது என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எங்களிடம் அந்த வாக்கியத்தைச் சொன்னபோது அப்பாவுக்கு அடுத்த மாத்திரை எது என்றுகூட யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. மூன்று வாரம் அவர் வெறும் பாராசிட்டமாலோடு ராத்திரி முழுக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த மூன்று வாரம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதனால் கிளம்புவதற்கு முன் கேளுங்கள்: "வலி வந்தால் என்ன கொடுப்பது? ராத்திரி யாரைக் கூப்பிடுவது? வீட்டுக்கு வந்து பார்க்க யார் இருக்கிறார்கள்?" மூன்றுக்கும் பதில் வாங்காமல் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் வாங்காதீர்கள்.

அந்த உதவி எங்கே கிடைக்கும்? பணம் நிறைய ஆகுமா?

தமிழ்நாட்டில் இருந்தால் முதலில் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை எல்லோரும் சுகர், பிரஷர் மாத்திரை கொடுக்கிற திட்டம் என்றே நினைத்திருக்கிறார்கள். படுக்கையில் இருப்பவரை நர்ஸ் வீட்டுக்கே வந்து பார்ப்பதும், பிசியோதெரபியும் அதில் அடக்கம். உங்கள் தெருவுக்கு வரும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலரிடம் பெயரைக் கொடுத்தாலே போதும். வழி தெரியாவிட்டால் 104-க்கு போன் செய்து கேட்கலாம். பெரிய அரசு மருத்துவமனைகளிலும் புற்றுநோய் மருத்துவமனைகளிலும் இதற்கென்று தனிப் பிரிவு இருக்கிறதா என்று விசாரியுங்கள். நகரங்களில் இலவசமாகச் செய்கிற அறக்கட்டளைகளும் உண்டு.

கேரளா இதில் நமக்கு முன்னோடி. 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் சிலரோடு சேர்ந்து ஆரம்பித்த வேலை ஊர் ஊராகப் பரவி, 2008-இல் அந்த மாநில அரசு இதற்கென்று தனிக் கொள்கையே வகுத்தது. அங்கே பஞ்சாயத்து அளவிலேயே வீட்டுக்கு வரும் குழுக்கள் இருக்கின்றன. நம் பக்கம் இன்னும் தேடிப் பிடிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

மார்ஃபின் எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். போதை மருந்துதானே? ஆரம்பித்தால் சீக்கிரம் முடிந்துவிடும் என்கிறார்களே?

எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்வி. பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு மார்ஃபின் ஆரம்பித்தார்கள், பத்து நாளில் போய்விட்டார் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். உண்மையில் நடப்பது என்னவென்றால், நம் ஊரில் மார்ஃபினைத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு கடைசிப் பத்து நாளில்தான் ஆரம்பிக்கிறார்கள். பழி மருந்தின் மேல் விழுகிறது.

வலிக்காகச் சரியான அளவில் கொடுக்கும்போது அது உயிரைச் சுருக்குவதில்லை. நோயாளி போதைக்கு அடிமையாகி மருந்தைத் தேடி அலைவதும் மிக அபூர்வம். உடம்பு மருந்துக்குப் பழகிவிடும் என்பது வாஸ்தவம்; அதனால்தான் திடீரென்று நிறுத்தக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 1986-இலேயே புற்றுநோய் வலிக்குப் படிப்படியாக மருந்து கொடுக்கும் முறையை வகுத்து, கடைசிப் படியில் மார்ஃபினை வைத்தது. சாதாரண மார்ஃபின் மாத்திரை 4 மணி நேரம்தான் வேலை செய்யும். எனவே "வலி வந்தால் கொடுக்கலாம்" என்று காத்திருக்காமல், மணி பார்த்துக் கொடுக்க வேண்டும். வலி ஏறிவிட்டால் இறக்குவது பெரும்பாடு. இடையில் வலி வெட்டினால் கூடுதலாக எவ்வளவு கொடுக்கலாம் என்பதையும் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு மூன்று நாள் தூக்கமாக இருப்பார், குமட்டலாம். அப்புறம் சரியாகிவிடும். சரியாகாதது மலச்சிக்கல் ஒன்றுதான். மார்ஃபினோடு பேதி மாத்திரையும் தினமும் சேர்ந்தே போக வேண்டும். டாக்டர் எழுத மறந்திருந்தால் நினைவுபடுத்துங்கள். மூன்று நாள் வெளிக்குப் போகவில்லை என்றால் உடனே சொல்லுங்கள். எழுப்பினாலும் எழாத அளவுக்குத் தூக்கம், மூச்சு ரொம்ப மெதுவாவது, இரண்டில் எது தெரிந்தாலும் அடுத்த மாத்திரைக்கு முன் போன் செய்யுங்கள்.

எங்கள் வீட்டில் தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம்தான் மருந்துக் கணக்கு. காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று எழுதி, கொடுத்ததும் ஒரு டிக். இரவு 2 மணி மாத்திரைக்காக எழுப்ப வேண்டாம் என்று சொல்லி 10 மணிக்கே அளவைக் கூட்டிக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். அப்பா அந்தத் தாள்களைச் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார். டிக்கெட் கணக்கு ஒப்படைத்த கை.

பக்கத்து மருந்துக் கடையில் ஏன் கிடைப்பதில்லை?

1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம். அதற்குப் பயந்து ஆஸ்பத்திரிகளே மார்ஃபின் வைப்பதை நிறுத்திவிட்ட காலம் உண்டு. பல உரிமங்கள் வாங்க வேண்டியிருந்தது. 2014-இல் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் ஒரே அனுமதியோடு வைத்துக்கொள்ளலாம் என்று ஆக்கினார்கள். எனவே கடை கடையாக அலையாமல், எந்த மருத்துவமனையில் இருப்பு இருக்கிறது என்று கேட்டு அங்கே போவதுதான் வழி. நோயாளியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. பெரும்பாலும் வீட்டு ஆள் சீட்டோடும் அடையாள அட்டையோடும் போனால் தருவார்கள். தீருவதற்கு ஐந்து நாள் முன்பே போய்விடுங்கள். பொங்கல், தீபாவளி சமயத்தில் இன்னும் முன்பே.

சாப்பிடவே மாட்டேன் என்கிறார். பட்டினி போட்டுக் கொல்கிற மாதிரி இருக்கிறது. குளுக்கோஸாவது ஏற்றலாமா?

சாப்பிடாததால் அவர் போய்க்கொண்டிருக்கவில்லை. போய்க்கொண்டிருக்கும் உடம்பு சாப்பாட்டைக் கேட்கவில்லை. இதை ஏற்றுக்கொள்வது நமக்கு ரொம்பக் கஷ்டம். வந்தவரைப் பார்த்து "சாப்பிட்டீங்களா" என்று கேட்கிற ஊர் நம்முடையது. என் அம்மா கஞ்சிக் கிண்ணத்தோடு நின்று "ஒரே ஒரு வாய்" என்று கெஞ்சுவாள். அவள் அழக் கூடாதே என்று அப்பா ஒரு வாய் வாங்கிக்கொண்டு, அவள் போனதும் துண்டில் துப்புவார். அந்தத் துண்டை அலசும்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது.

குளுக்கோஸ் பாட்டிலைப் பற்றி ஒரு கணக்கு. 500 மில்லி, 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. சுமார் 100 கலோரி. இரண்டு இட்லி. அதற்காக நரம்பு கிடைக்காத கையில் நாலைந்து தடவை குத்துகிறோம். கடைசி வாரங்களில் ஏற்றிய தண்ணீரை உடம்பால் வெளியேற்ற முடியாமல் காலில் வீக்கமும் நெஞ்சில் கோழையும் சேரும். வாந்தி பேதியால் வந்த வறட்சி என்றால் கதை வேறு. அதை டாக்டர் பார்த்துச் சொல்வார். மூக்கில் டியூப் போடுவதும் அப்படியே. வாய், தொண்டைப் புற்றுநோய்க்காரர்களுக்குப் பசி இருந்தும் விழுங்க முடியாத நிலையில் அது உதவும். கடைசி நாட்களில் எல்லோருக்கும் போட வேண்டிய அவசியமில்லை.

கேட்டதைக் கேட்டபோது கொஞ்சமாகக் கொடுங்கள். பத்தியம் பார்க்கிற காலம் முடிந்துவிட்டது. அப்பா ஒருநாள் பஸ் ஸ்டாண்டு மசால் வடை கேட்டார். சுண்டுவிரல் நுனியளவு பிட்டு நாக்கில் வைத்துக்கொண்டு வெகுநேரம் சுவைத்துவிட்டுத் துப்பிவிட்டார். முகத்தில் அவ்வளவு திருப்தி. ஒன்றும் இறங்கவில்லை என்றாலும் வாயை உலரவிடாதீர்கள். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டு, மெல்லிய துணியை நனைத்து ஈறு, நாக்கு, கன்னத்தின் உள்பக்கம் எல்லாம் துடைத்துவிடுங்கள். உதட்டில் தேங்காய் எண்ணெய். தாகம் என்று அவர்கள் சொல்வதில் பாதி வாய் வறட்சிதான்.

படுக்கைப் புண் வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். இதை விட்டால் வேறு மந்திரம் கிடையாது. ஏர் பெட் வாங்கினாலும் திருப்பத்தான் வேண்டும். முழுக்கப் பக்கவாட்டில் சாய்க்காமல், முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்துக் கொஞ்சமாகச் சாய்த்தாலே போதும். நகர்த்தும்போது ஆளைப் பிடித்து இழுக்காதீர்கள், தோல் உரிந்துவிடும். இடுப்புக்கு அடியில் பழைய வேட்டியை நாலாக மடித்துப் போட்டு, ஆளுக்கொரு பக்கமாக வேட்டியைத் தூக்கி நகர்த்துங்கள். குதிகால் படுக்கையில் படாமல் கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வையுங்கள்.

பின்னிடுப்பு எலும்பு, இடுப்பின் பக்கவாட்டு, குதிகால், தோள்பட்டை, காது மடல். தினமும் துடைக்கும்போது இந்த இடங்களைப் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்க வேண்டும். வெளுக்காமல் அப்படியே சிவப்பாக இருந்தால் புண் ஆரம்பித்துவிட்டது. அந்த இடத்தைத் தேய்த்துவிடுவது, ரப்பர் வளையத்தின் மேல் உட்காரவைப்பது இரண்டும் கெடுதல். வளையத்தைப் பல வீடுகளில் இன்னும் ஆசையாக வாங்கிப் போடுகிறார்கள்.

இரவில்? எங்கள் வீட்டில் அப்பாவிடம் அவருடைய பழைய விசில் இருந்தது. பஸ்ஸில் ஒரு விசில் என்றால் வண்டி நிற்கும், இரண்டு விசில் என்றால் கிளம்பும். அதையே வைத்துக்கொண்டோம்: ஒன்று ஊதினால் யாராவது வரணும், இரண்டு ஊதினால் திருப்பிப் படுக்கவைக்கணும். ஊதத் தெம்பில்லாமல் போனதும் எவர்சில்வர் டம்ளரும் ஸ்பூனும். கூப்பிட ஏதோ ஒன்று கையெட்டும் தூரத்தில் இருந்தால் அவருக்கும் பயம் குறையும், உங்களுக்கும் கண்ணயர முடியும்.

புண்ணிலிருந்து நாற்றம் வருகிறது. யாரும் அறைக்குள் வரமாட்டேன் என்கிறார்கள்.

ஊதுவத்தியும் டெட்டாலும் இதற்குத் தீர்வில்லை. மெட்ரோனிடசோல் என்ற மருந்து இருக்கிறது. அதைப் பொடியாகவோ ஜெல்லாகவோ புண்ணில் போட்டால் பெரும்பாலும் சில நாட்களில் நாற்றம் அடங்கிவிடும். விலையும் குறைவு. டாக்டரிடம் நீங்களாகவே வாயைத் திறந்து கேளுங்கள்; வெட்கப்பட்டு ஒரு சென்ட் பாட்டிலோடு நின்றுவிடுகிற வீடுகள் அதிகம். புழு வைத்துவிட்டாலும் அது உங்கள் அழுக்குத்தனத்தால் வந்தது இல்லை. ஈ உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். நர்ஸ் வந்து சுத்தம் செய்துவிடுவார். ஈ வராமல் கொசுவலை கட்டுங்கள்.

மூச்சு வாங்குகிறது. ஆக்சிஜன் சிலிண்டர் வாடகைக்கு எடுக்கலாமா?

முதலில் தலைப்பக்கத்தை உயர்த்திச் சாய்த்து உட்காரவைத்து, டேபிள் ஃபேனை நேராக முகத்தில் படும்படி வையுங்கள். ஜன்னலைத் திறந்துவிடுங்கள். சுற்றி நிற்கும் கூட்டத்தை வெளியே அனுப்புங்கள். முகத்தில் காற்று படுவதே மூச்சுத்திணறல் உணர்வைக் குறைக்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருந்தால்தான் சிலிண்டரால் பலன். விரலில் மாட்டும் கருவியில் அளவு சரியாக இருந்தும் மூச்சு வாங்கினால், குறைந்த அளவு மார்ஃபின் நன்றாகக் கேட்கும். எவ்வளவு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

அவரிடம் உண்மையைச் சொல்லலாமா? "அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்" என்று டாக்டரிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.

நாங்களும் அதைத்தான் செய்தோம். அல்சர் என்று சொன்னோம். அல்சருக்கு யார் புற்றுநோய் மருத்துவமனையில் கொண்டுபோய் உட்காரவைப்பார்கள்? முப்பது வருஷம் பஸ்ஸில் மனிதர்களைப் பார்த்தவருக்குப் பலகையைப் படிக்கத் தெரியாதா? அவருக்குத் தெரியும். தனக்குத் தெரியும் என்று எங்களுக்குத் தெரிந்தால் நாங்கள் உடைந்துவிடுவோம் என்று அவரும் நடித்தார். ஒரே வீட்டுக்குள் இரண்டு நாடகம்.

தானாக உட்காரவைத்து எல்லாவற்றையும் கொட்டிவிடச் சொல்லவில்லை. அவர் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று பாருங்கள். "உடம்பைப் பத்தி என்னப்பா நினைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். பதில் வரும். வராவிட்டாலும் கதவைத் திறந்து வைத்தாயிற்று. "நான் பொழச்சுக்குவேனா?" என்று கேட்டால், "சேச்சே, உங்களுக்கு ஒண்ணும் இல்லை" என்று பாய்ந்து மூடாதீர்கள். "ஏன்ப்பா அப்படிக் கேக்குறீங்க?" என்று கேளுங்கள். பலருக்கும் பயம் சாவைப் பற்றியே இருக்காது. வலியைப் பற்றி இருக்கும், பாதியில் நிற்கிற வீட்டைப் பற்றி, கல்யாணம் ஆகாத பெண்ணைப் பற்றி இருக்கும். என் அப்பா கேட்டது, "சொசைட்டி கடன் கட்டியாச்சா?"

தெரிந்தவர்களுக்குச் சில காரியங்களை முடிக்க நேரம் கிடைக்கிறது. யாரோடு பேச்சுவார்த்தை இல்லையோ அவரைக் கூப்பிட்டனுப்புவதும் அதில் ஒன்று. அதை நாம் பறிக்கக் கூடாது என்பது என் கருத்து.

குழந்தைகளை அறைக்குள் விடலாமா?

விடலாம். புற்றுநோய் ஒட்டாது. "தாத்தாவுக்கு உடம்பு ரொம்ப முடியலை, மருந்தால சரியாகலை" என்று அவர்கள் மொழியில் சொல்லிவிட்டு விடுங்கள். தூங்குகிறார், ஊருக்குப் போகப்போகிறார் என்றெல்லாம் சொல்லாதீர்கள். அப்புறம் தூங்கவே பயப்படும்.

பார்க்க வருகிறவர்களை எப்படிச் சமாளிப்பது?

இந்தக் கேள்விக்கு எனக்கு நிதானமாகப் பதில் சொல்ல வராது. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்து, கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்று, "ஐயோ, எப்படி இருந்த மனுஷன்" என்று அழுதுவிட்டுப் போவார்கள். காபி போட்டுக் கொடுப்பதும் நாம்தான். இதில், "சரியாகக் கவனிக்கலை போல" என்று ஒரு வார்த்தை வேறு. மாலை 5 முதல் 6 வரை என்று நேரம் வைத்து, அதைச் சொல்ல வீட்டில் ஒரு கறாரான ஆளை நியமித்துவிடுங்கள். எங்களுக்குச் சித்தப்பா. "ஏதாவது உதவி வேணும்னா சொல்லும்மா" என்பவர்களிடம் உடனே ஒரு வேலையைச் சொல்லிவிடுங்கள்: "நாளைக்கு மதியச் சாப்பாடு கொண்டுவந்துடுங்க அத்தை", "வியாழக்கிழமை ரெண்டு மணி நேரம் கூட இருங்க மாமா, நான் பேங்க் போயிட்டு வர்றேன்." பாதிப் பேர் சந்தோஷமாகச் செய்வார்கள். மீதிப் பேர் வருவதை நிறுத்துவார்கள். இரண்டும் லாபம்.

ஒரு வைத்தியர் குணப்படுத்துகிறாராம். நிலத்தை விற்றாவது முயற்சி பண்ணலாமா?

நம்பிக்கைக்காக ஒரு கஷாயம் குடிப்பதை யாரும் தடுக்கப்போவதில்லை. வலி மருந்தை நிறுத்தச் சொல்கிறவர், மொத்தப் பணத்தையும் முன்னாலேயே கேட்கிறவர், ரிப்போர்ட்டைப் பார்க்காமலே உறுதி சொல்கிறவர், இவர்களிடமிருந்து திரும்பி வந்துவிடுங்கள். பெரிய ஊர் ஆஸ்பத்திரியில் இன்னொரு சுற்று கீமோ என்று சொன்னாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: "இதனால் எத்தனை நாள் கூடும், அந்த நாட்களில் இவர் எப்படி இருப்பார்?" முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு என்றாலும், பயணம், தங்குவது, டயபர், வேலைக்குப் போகாத நாட்கள் இதெல்லாம் அந்த அட்டையில் வராது. குடும்பங்கள் மூழ்குவது பெரும்பாலும் இந்தச் சில்லறைச் செலவில்தான்.

வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் வந்து இறங்கி, "ஏன் ஐசியுவில் சேர்க்கலை?" என்று சண்டை போடுகிறார்.

போடுவார். ஆறு மாதமாகக் கூட இல்லாத குற்ற உணர்ச்சி அவருக்கு; அந்த ஆறு மாதத்தையும் ஒரே நாளில் ஈடுகட்டிவிடப் பார்க்கிறார். அவரை ஒரு இரவு அப்பா பக்கத்தில் படுக்கவையுங்கள். மறுநாள் டாக்டரிடம் அவரையே நேரில் பேசச் சொல்லுங்கள். முடிவு உங்கள் தலையில் மட்டும் விழாது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதும் தெரிந்திருக்கட்டும். குணமாகாத நோயில் உயிரை இழுத்துப்பிடிக்கும் சிகிச்சை வேண்டாம் என்று சொல்லும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று ஏற்றுக்கொண்டது. சுயநினைவோடு இருக்கும்போதே அதை எழுதி வைக்கலாம். ஆரம்பத்தில் மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டியிருந்தது. 2023 ஜனவரியில் அதை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி முன் எழுதினால் போதும் என்றார்கள். எழுதி வைக்காதவர் விஷயத்தில் மருத்துவமனையின் இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்து, குடும்பத்தின் சம்மதத்தோடு முடிவெடுக்க வழி இருக்கிறது.

இதெல்லாம் நடைமுறையில் இல்லாததால்தான் நம் ஊரில் "சொந்தப் பொறுப்பில் கூட்டிப்போகிறோம்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆம்புலன்ஸில் ஒருவர் கையால் மூச்சுப் பையை அமுக்கிக்கொண்டே வர, "மூச்சு இருக்கும்போதே வீட்டு வாசலை மிதிக்கவைச்சிடணும்" என்று பறக்கிறோம். அப்படித்தான் முடியப்போகிறது என்றால், முதலிலேயே வீட்டில் இருந்திருக்கலாமே.

"சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் தேவலை" என்று சில சமயம் தோன்றுகிறது. நான் இவ்வளவு கெட்டவளா?

இதை நான் கேட்காத வீடே இல்லை. பெரும்பாலும் மருமகள்கள்தான் கேட்பார்கள், குரலை இறக்கி. இல்லை, நீங்கள் கெட்டவள் இல்லை. அவர் படுகிற பாடு முடிய வேண்டும் என்பதும் நீங்கள் ஒரு இரவு தூங்க வேண்டும் என்பதும் சேர்ந்துதான் அப்படி வருகிறது.

நினைப்பது வேறு, செய்வது வேறு. தென்மாவட்டங்களில் தலைக்கூத்தல் என்று ஒன்று நடந்ததைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து முடித்துவைப்பது. யாராவது அதை ஜாடைமாடையாகச் சொன்னால் அது கொலை என்று முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். அந்தப் பேச்சு வருகிற வீட்டில் பெரும்பாலும் வலிக்கு மருந்தில்லை, பார்த்துக்கொள்ள இரண்டாவது ஆளில்லை.

எனக்கே முடியவில்லை. முதுகு போய்விட்டது, எரிச்சல் எரிச்சலாக வருகிறது.

இரண்டாவது ஆளைப் பிடியுங்கள். "நான்தான் பார்த்துக்கணும், வேற யாருக்கும் தெரியாது" என்பது பாதி உண்மை, பாதி பிடிவாதம், என்னிடமும் இருந்தது. வாரத்தில் இரண்டு இரவு வேறொருவர் விழித்திருக்கட்டும். உங்கள் சுகர், பிரஷர் மாத்திரையை நிறுத்தாதீர்கள். இதை விட்டுவிட்டுத் தானும் படுத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஹோம் நர்ஸ் வைக்க வசதி இருந்தால் ஊரார் பேச்சுக்குப் பயப்படாமல் வையுங்கள். ஒருநாள் அப்பாவிடம் கத்திவிட்டு மொட்டைமாடிக்குப் போய் அழுதேன். இறங்கி வந்தபோது அவர், "போய் சாப்பிடு" என்றார். தூக்கமே வராமல், எதிலும் மனது ஒட்டாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் உங்களுக்கும் டாக்டர் வேண்டும்.

பேங்க், கையெழுத்து விஷயங்கள்?

கை நடுங்கிக் கையெழுத்து மாறிப்போனால் பேங்கில் கைரேகை வைக்கலாம். வங்கியார் ஒருவர் உட்பட இரண்டு சாட்சி வேண்டும். மேனேஜரிடம் கேட்டால் வீட்டுக்கு ஆள் அனுப்புவார்கள். நாமினி பெயர் எல்லாக் கணக்கிலும் இருக்கிறதா என்று பாருங்கள். நாமினி என்றால் பணத்தை வாங்கிக்கொள்கிற ஆள். வாரிசு உரிமை அதனால் மாறாது. பவர் பத்திரம் எழுதிக் கொடுத்தவர் இறந்த நிமிஷமே செல்லாது. இதை அறியாமல் அப்புறம் பத்திரம் பதியப் போய் மாட்டிக்கொள்கிறார்கள். உயில் எழுதுவதென்றால் அவர் தெளிவாகப் பேசும்போதே.

கடைசி நேரம் நெருங்குவது எப்படித் தெரியும்?

நாளில் பெரும்பகுதி தூக்கம். சிறுநீர் குறைந்து நிறம் அடர்ந்துபோகும். கைகால் சில்லிட்டு, முழங்காலில் திட்டுத்திட்டாக நீலம் தெரியும். செத்துப்போன அம்மா வந்து நிற்கிறாள் என்பார்கள். மறுத்துப் பேச வேண்டியதில்லை, அவர் பயப்படவில்லை என்றால் விட்டுவிடுங்கள். மூச்சு விட்டுவிட்டு வரும், நடுவில் நின்று மறுபடி தொடங்கும். தொண்டையில் கர்கர் என்று கோழைச் சத்தம் கேட்கும். பார்க்கிற நமக்குத்தான் அது கொடுமை. நினைவிழந்த அவருக்கு அது பெரும்பாலும் தெரிவதில்லை. பக்கவாட்டில் சாய்த்துப் படுக்கவையுங்கள். சத்தத்தைக் குறைக்க மருந்தும் இருக்கிறது.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். "இழுத்துக்கிட்டு இருக்கு, பால் ஊத்துங்க" என்று வரிசையில் நின்று ஆளாளுக்கு ஒரு கரண்டி ஊற்றாதீர்கள். விழுங்க முடியாதவருக்கு அது நேராக நுரையீரலுக்குப் போகும். பஞ்சைப் பாலில் நனைத்து உதட்டில் தொட்டு வையுங்கள்; மண்ணைக் கரைத்த தண்ணீர், துளசித் தீர்த்தம் எதுவானாலும் அப்படியே. சம்பிரதாயமும் நிற்கும். காது கடைசிவரை கேட்கக்கூடும் என்பதால், நகை எங்கே என்ற பேச்சைக் கூடத்துக்குப் போய்ப் பேசுங்கள்.

வீட்டில் இறந்தால் இறப்புச் சான்றிதழுக்குச் சிக்கல் வருமா?

முன்கூட்டியே ஏற்பாடு செய்தால் வராது. கடைசியாகப் பார்த்துவந்த டாக்டர்தான் இறப்பின் காரணத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். "ராத்திரி ஆனாலும் வந்து பார்த்து எழுதிக் கொடுப்பீர்களா?" என்று ஒருவரிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நகரங்களில் மயானத்தில் அந்தத் தாளைக் கேட்பார்கள். நோய் விவரம் உள்ள கோப்பு ஒரே பையில் இருக்கட்டும். 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. கிராமத்தில் விஏஓவிடம், ஊர் பெரிதானால் நகராட்சி, மாநகராட்சி அலுவலகத்தில். பெயரின் எழுத்து ஆதாரில் இருப்பது போலவே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அப்புறம் வாரிசுச் சான்றுக்குத் தாசில்தார் அலுவலகத்தில் ஒரு எழுத்துக்காக ஆறு நடை நடக்க வேண்டியிருக்கும். 108 ஆம்புலன்ஸ் இறந்தவரை ஏற்றாது. அரசின் இலவச அமரர் ஊர்திக்கு 155377.

புற்றுநோய் இருந்தவர் கண்தானம் செய்யலாமா?

பெரும்பாலும் செய்யலாம். ரத்தப் புற்றுநோய், கண்ணில் வந்த கட்டி போன்ற சிலவற்றில் கூடாது. 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். இமையை மூடி ஈரப்பஞ்சு வைத்து, மேலே ஓடும் ஃபேனை நிறுத்திவிட்டுக் கண் வங்கிக்குப் போன் செய்யுங்கள்.

மிச்சமான மருந்தையும் கட்டிலையும் என்ன செய்வது?

மார்ஃபினை எண்ணி, வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மூட்டுவலிக்கு ஆகுமே என்று பாட்டிக்குக் கொடுத்துவிடாதீர்கள். வாடகைக் கட்டிலை மறுநாளே எடுத்துப் போகச் சொல்லாமல் ஒன்றிரண்டு நாள் விடுங்கள். அந்த இடம் திடீரென்று காலியாவதை அம்மாக்களால் தாங்க முடிவதில்லை. ஏர் பெட், வாக்கர், பெட்பேன் எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவைத்து, வருகிற நர்ஸிடம் சொல்லி வைத்தால் தேவைப்படுகிற வீட்டுக்குப் போய்ச் சேரும். எங்கள் வீட்டு ஏர் பெட் இப்போது ஐந்தாவது வீட்டில் இருக்கிறது. மோட்டார் மட்டும் ஒரு தடவை மாற்றியிருக்கிறோம்.